நான்காம் கட்டளையும் ஆறு பேர் லிஃப்டும்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் நான்கு பக்கத்துக்கு, ஓரத்தில் இடம் விடாமல், என்னைத் திட்டி எழுதுகிற தெம்பு தங்களுக்கு இருப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி தேவையில்லை என்று விட்டுவிட்டேன். சித்தியின் நலம் எனக்கு நேரடியாகவே தெரியும். நேற்றுகூட நாற்காலியின் பின்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சித்தியை ஐந்து மாடி இறக்கி, மறுபடியும் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதன் சாரம் இது: கடவுள் பயம் இல்லாதவளுக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கவே முடியாது. இருந்தாலும் அது காற்றடிக்கிற பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்ததால்தான், சொந்தச் சித்தப்பா தலைவராக இருக்கும் குடியிருப்பின் லிஃப்டுக்குச் சீல் வைத்தேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய சித்தியின் உயிரோடு விளையாடுகிறேன். இந்த வாரக் கடைசிக்குள் சீலை எடுக்காவிட்டால் என் அலுவலகத்துக்கு எழுதுவீர்கள், அதன் பிறகு ஆயுளுக்கும் என்னோடு பேச மாட்டீர்கள். இதில் கடைசியாகச் சொன்னதை நான் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட் ஆய்வாளராக ஆண்டுச் சோதனைக்கு வந்தேன். எங்கள் அலுவலகத்தில் தெரு வாரியாக வேலை பிரிப்பார்கள், தங்கள் தெரு என் பங்கில் விழுந்தது, அவ்வளவுதான், இதில் சதி ஒன்றும் இல்லை. லிஃப்டுக்குள் நுழைந்தால் பித்தான்களுக்கு மேலே, தாங்கள் மூன்று வேத நூல்களிலிருந்து திரட்டிய ஒன்பது கட்டளைகள், தங்க நிற எழுத்தில், சட்டம் போட்டு, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன. பத்தாவது ஏன் இல்லை என்று காவலாளியைக் கேட்டேன். "பலகைல எடம் பத்தலம்மா" என்றார். என் படிவத்தில் முதல் வேலை, எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு கண்ணில் படும்படி இருக்கிறதா என்று பார்ப்பது. தகட்டைக் காணோம். ஐந்து நிமிடம் நாலு சுவரையும் தடவிய பிறகுதான் அது தங்கள் பலகைக்கு அடியில் மூச்சுவிடாமல் கிடக்கிறது என்று புரிந்தது. 'ஆறு பேர் மட்டும்' என்ற எளிய செய்தியின் மேல் 'பேராசை கொள்ளாதே' என்பதை ஒட்டியிருக்கிறீர்கள். பலகை ஒட்டிய இந்த எட்டு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் பேராசை குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. லிஃப்டில் மட்டும் எட்டு பேர், ஒன்பது பேர் ஏறியிருக்கிறார்கள்.

பலகையைப் பெயர்த்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடி டியூஷன் வாத்தியார் உள்ளே வந்தார்.

"என்னம்மா, வேதத்தப் பிக்கிற?"

"அடியில தகடு இருக்கு சார்."

"தகடு முக்கியமா, இது முக்கியமா?"

"நீங்க எத்தன கிலோ சார்?"

திரும்பிப் படியேறிப் போனார். போகிற வழியில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, தலைவரின் அண்ணன் மகள் கடவுளின் வார்த்தையைக் கிழித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். கிழியவில்லை சித்தப்பா. பலகை முழுசாகத்தான் வந்தது, லிஃப்டின் பெயிண்ட்தான் கொஞ்சம் கூட வந்தது. அடுத்தது, ஆள் கூடினால் கத்துகிற மணி. வழியில் போனவர்களைக் கூப்பிட்டு எட்டு பேரை உள்ளே நிற்க வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால் மணிக்குப் போகிற ஒயர் அழகாக வெட்டப்பட்டு, முனையில் டேப்பும் சுற்றப்பட்டிருந்தது. காவலாளி தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழம பிரார்த்தனைக்கு எல்லாரும் ஒண்ணா மாடிக்குப் போவாங்கம்மா. இது கத்திக்கிட்டே கெடக்கும். தியானத்துக்கு எடஞ்சலா இருக்குன்னு அய்யாதான் வெட்டச் சொன்னாரு." எச்சரிக்கிற மணியை வெட்டிவிட்டு நிம்மதியாகத் தியானம் செய்தது பற்றி எனக்கு ஓர் உவமை தோன்றியது. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அதைச் சொந்தச் சரக்காகப் பயன்படுத்திவிடுவீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறைக்குச் சாவி கேட்டேன். காவலாளி நாற்பது நிமிடம் தேடினார். "சோதனைக்குன்னு இந்த ரூம் சாவிய யாரும் கேட்டதே இல்லையேம்மா, பிரார்த்தனைக்காரங்ககிட்ட ஒண்ணு இருக்கும், யாருகிட்டன்னு தெரியல" என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் பூட்டை உடைத்தோம். உள்ளே மோட்டாரைக் காணவில்லை. அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஒலிபெருக்கி, 'அஞ்சி நட' என்று தலைப்பிட்ட துண்டறிக்கை நாலு கட்டு. எல்லாவற்றையும் நானும் காவலாளியும் வெளியே இழுத்துப் போட்ட பிறகு, மூலையில் எண்ணெய் வடிந்துகொண்டு அது நின்றிருந்தது. லிஃப்டைத் தாங்குகிற கம்பிக் கயிற்றைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய முறை உண்டு. பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு பருத்தித் துணியைக் கயிற்றைச் சுற்றித் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெதுவாக ஓடவிட வேண்டும். கயிற்றில் ஓர் இழை அறுந்து துருத்திக்கொண்டிருந்தால் துணி அதில் சிக்கும். அன்று ஒரு முழத்துக்குள் பதினொரு இடத்தில் சிக்கியது. லிஃப்ட் மேலிருந்து கீழே போய்ச் சேர்ந்தபோது என் கையில் துணி இல்லை, நூல்தான் இருந்தது. லிஃப்ட் தறிகெட்டு இறங்கினால் கவ்விப் பிடிக்க வேண்டிய பிடியை யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தங்கள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"அது அடிக்கடி புடிச்சு நிறுத்திடுதுன்னு கட்டச் சொன்னாங்க மேடம். நான் முடியாதுன்னேன். அவங்களே வேற யாரையோ வெச்சுக் கட்டிக்கிட்டாங்க. ரோப்பு மாத்தணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"பிரார்த்தனைல வெச்சிருக்கோம்னாங்க."

சீல் வைத்தேன். அதற்கு மனச்சாட்சிகூடத் தேவைப்படவில்லை, கண் இருந்தது, போதும்.

கீழே இறங்கும்போது மூன்றாம் மாடிப் படியில் தாங்கள் வந்து மறித்தீர்கள். பின்னால் குடியிருப்புக் கமிட்டியார் ஐந்து பேர். அன்று பேசியதைத் தாங்கள் கடிதத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பதால், எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"கையெழுத்து போட்டுட்டுப் போம்மா. ரோப்புக்கு இப்பவே சொல்லிட்டேன். பத்து நாள்ல வந்துடும்."

"வந்ததும் போடறேன் சித்தப்பா."

"ஞாயித்துக்கெழம ஆண்டுக் கூட்டம். எம்பது பேர் வர்றாங்க. பெரியவங்க சொன்னா கேக்கணும்னு பலகைல நாலாவதா போட்டிருக்கே, படிக்கல நீ?"

"பொய் சாட்சி சொல்லாதேன்னு ஏழாவதா போட்டிருக்கு, அதையும் படிச்சேன்."

தாங்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தீர்கள். நான் மரியாதையாகக் காத்திருந்தேன்.

"நாலு, ஏழுக்கு முன்னாடிதான வருது?"

கமிட்டியார் ஐந்து பேரும் தலையாட்டினார்கள். கொலை செய்யாதே என்பது தங்கள் பலகையில் எட்டாவது. அப்படியென்றால் பெரியவர் சொன்னால் கொலையும் செய்யலாமா என்று கேட்டேன். "இதுதான் விதண்டாவாதம்ங்கறது" என்று பின்னால் இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னீர்கள். அறுந்துகொண்டிருக்கிற கயிற்றில் எண்பது பேரை ஏற்றி இறக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி விதண்டாவாதமாக எனக்குப் படவில்லை. சித்தப்பா, அந்த வரிசையை யார் போட்டது? தாங்கள். மூன்று நூல்களையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்பதை எடுத்து, மிச்சத்தை மூடி வைத்தது யார்? அதுவும் தாங்கள். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எந்தக் கட்டளையும் தங்களுக்குச் சொல்லவில்லை. தங்களுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கியிருக்கிறது. கடவுளை நம்பாத எங்களுக்கும் அதே ஒன்றுதான் இருக்கிறது. நாங்கள் அது சொன்னதை எங்கள் பெயரிலேயே சொல்லி, தப்பானால் எங்கள் முதுகிலேயே வாங்கிக்கொள்கிறோம். தாங்கள் தங்களுக்குத் தோதானதை எழுதி, கீழே கடவுளின் கையெழுத்தைப் போட்டுவிடுகிறீர்கள். அவர் வந்து மறுக்கப்போவதில்லை என்கிற தைரியம்.

உடனே தாங்கள் கேட்டீர்கள்: "சரி, மனச்சாட்சி மனச்சாட்சின்னு சொல்றியே, அத யாரு செக் பண்றாங்க? லிஃப்டுக்கு வருசா வருசம் நீ வர்ற. உனக்கு யாரு வர்றாங்க?" நல்ல கேள்வி. தங்களிடமிருந்து வந்ததில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். அன்று சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். என்னை நானேதான் சோதித்துக்கொள்கிறேன். தினமும். படிப்பதே அதற்காகத்தான். 'புத்தகம் படிச்சுக் கெட்டவ' என்று தாங்கள் சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். நன்றி. மேலேயிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகத் திருடாமல் இருப்பவன் யோக்கியன் என்றால், போலீஸ்காரர் நிற்கிற தெருவில் எல்லோரும் யோக்கியர்கள்தான். யாரும் பார்க்காத மோட்டார் அறையில், கையில் ஒரு முழம் துணியோடு தனியாக நிற்கும்போது நாம் என்ன செய்கிறோமோ, அதற்குத்தான் அறம் என்று பெயர். இதைச் சொன்னபோது காவலாளிகூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தில் கனமான வரி அது ஒன்றுதான், அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் சித்திக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டாவது தடவையும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதனால்தான் மறுநாள் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு எட்டு மணிக்கே வந்தேன். கமிட்டியார் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். 'பிறர் துயர் துடை' தங்கள் பலகையில் இரண்டாவது, ஆகவே தங்கள் கணக்குப்படி பின்னால் வரும் ஏழு கட்டளைகளையும்விட மேலானது. ஒருவருக்கு இடுப்பு. ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு அப்போதுதான் குளிக்கப் போக வேண்டும். ஒருவர் ஊரில் இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவரே சொன்னார். ஐந்தாமவரான டியூஷன் வாத்தியார் மட்டும் வாசல்வரை வந்து, கண்ணை மூடி சித்திக்காக மனமுருகப் பிரார்த்தித்துவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கடைசியில் பிரார்த்தனைக் குழுவின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் சித்தியை உட்கார வைத்து, ஒரு காலைக் காவலாளியும், ஒரு காலைக் கயிறு அளக்க வந்த மெக்கானிக்கும், ஒரு காலை மாடிப்படி கூட்டுகிற அம்மாவும், ஒரு காலை நானும் பிடித்தோம். தாங்கள் முன்னால் நடந்து "பாத்து, பாத்து" என்றீர்கள். காவலாளியிடம், உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று இடையில் கேட்டேன். "டூட்டி நேரத்துல அதெல்லாம் யோசிக்கறதில்லம்மா, கொஞ்சம் ஒசத்திப் புடிங்க" என்றார்.

நான்காம் மாடித் திருப்பத்தில் தாங்கள் மறுபடியும் ஆரம்பித்தீர்கள், நானும் விடவில்லை. சித்திதான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் கடவுளப் பத்தி அப்புறமா பேசிக்குங்க. இப்ப நாக்காலி சாயுது." மூன்றாம் மாடியில் இளைப்பாற இறக்கி வைத்தோம். தாங்கள் ஆட்டோ பிடிக்க முன்னால் போய்விட்டீர்கள். நான் சித்தியின் காலடியில் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"நீங்க தெனமும் கும்பிடறீங்களே சித்தி, பயந்துக்கிட்டா?"

"பயந்து என்னடி கும்பிடறது? எனக்குப் பேச ஒரு ஆள் வேணும். உங்க சித்தப்பா பேசுவாரு, கேக்க மாட்டாரு."

இந்த விஷயத்தில் எனக்குச் சித்தியோடு எந்த வழக்கும் இல்லை, தங்களோடுதான். அன்றிலிருந்து நேற்றுவரை நாலு தடவை இறக்கி, நாலு தடவை ஏற்றியிருக்கிறோம். ஒரு தடவைகூட டயாலிசிஸ் தவறவில்லை. இதைத் தாங்கள் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்னால் பாழானது என்ற குற்றச்சாட்டு. காவலாளி சொன்னதை வைத்துப் பார்த்தால் நன்றாகவே நடந்திருக்கிறது. சிறப்புப் பேச்சாளர் நல்ல கனமான மனிதராம். ஆறு மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடவுளே சொன்னாலும் ஏற மாட்டேன் என்றிருக்கிறார். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், இரண்டு காருக்கு நடுவே மேசை போட்டு, 'அச்சமே அறத்தின் அடித்தளம்' என்று ஒன்றரை மணி நேரம் பேசினாராம். நாற்காலிகள் மொட்டை மாடியிலேயே இருந்ததாலும் அவற்றை இறக்க யாருக்கும் இடுப்பு சரியில்லாததாலும் எண்பது பேரும் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்கள். லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று யாரோ கேட்டதற்கு, "இது நமக்கு வந்த சோதனை" என்று உருக்கமாகச் சொன்னீர்களாம். வந்தது நான்தான், படிவத்தின் நகலைத் தங்கள் தபால் பெட்டியில் போட்டிருக்கிறேன். அந்த எண்பது பேரும் அன்று இரவு கை கால் முழுசாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைக் கூட்டத்தின் குறையாக எழுதிய கடிதம் உலகத்தில் தங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

ஆகவே சீலை எடுக்க மாட்டேன். புதுக் கயிறு மாட்டி, ஒயரை ஒட்டி, பிடியின் கட்டை அவிழ்த்து, தகட்டைத் துடைத்து வைத்த பிறகு கூப்பிட்டு அனுப்புங்கள், வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். பலகையைத் திருப்பி மாட்டுவதானால் கண்ணாடி இருக்கும் சுவரில் மாட்டலாம். ஏறுகிறவர்கள் அதையும் படித்து, தம் முகத்தையும் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லவும். கமிட்டியார் ஐவரின் இடுப்பும் முழங்காலும் விரைவில் தேற என் வாழ்த்துகள். பெரியவரான தங்களிடம் ஆசி கேட்டு முடிப்பது மரியாதை. இப்போது தர மனமில்லை என்றால் லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு தந்தாலும் போதும், அவசரமில்லை.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். அன்று படியில் நீங்கள் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஒன்றை மேலே எழுதி, பதிலும் சொல்லி, நானே ஜெயித்தும்விட்டேன். இன்னொன்றை எழுதவில்லை. "போன வருசமும் நீதான கையெழுத்து போட்ட? அப்ப எங்க போயிருந்துது உன் மனச்சாட்சி?" உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் கடைசி வரியும் அதுதான். அந்தப் பக்கமே எனக்கு வந்து சேராத மாதிரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

போன வருடம் என் மனச்சாட்சி உங்கள் வீட்டு சோபாவில் இருந்தது, சித்தப்பா. சித்தி அன்று மருத்துவமனையில். நீங்கள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வாய்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். மோட்டார் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். "எல்லாம் நல்லா இருக்கும்மா, கடவுள் சத்தியமா" என்றீர்கள். கடவுள் இல்லை என்று நினைக்கிற நான் அந்தச் சத்தியத்தை மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு, 'கயிறு நல்ல நிலையில் உள்ளது' என்ற இடத்தில் டிக் அடித்தேன். உங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த அறைக்கு இருபது படிதான். பையில் பாதி படித்த புத்தகம் ஒன்று இருந்தது, சீக்கிரம் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், முடித்துவிடலாம் என்றிருந்தது. அறத்தைப் பற்றிய புத்தகம்.

மெக்கானிக் எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களின் நகலையும் இன்று மத்தியானம் வாங்கிப் பார்த்தேன். முதல் கடிதம் என் கையெழுத்துக்கு மூன்று வாரம் முந்தையது. அதற்குப் பிறகு ஒரு முழு வருடம், வாரம் மூன்று நாள், போகவும் வரவும் சித்தி அந்தக் கயிற்றில்தான் தொங்கியிருக்கிறார். உங்கள் சத்தியமும் என் கையெழுத்தும் சேர்ந்துதான் அவரை ஏற்றிவிட்டிருக்கின்றன.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. உங்களைப் பொறுத்தவரை எல்லாம் சரிதான். அதைச் சொல்ல வேறு யாராவது வந்திருக்கலாம். என்னைப் பற்றி அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னீர்களே, சிரமப்பட வேண்டாம், நானே எழுதுகிறேன். வேலை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று சித்தியிடம் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு எழுத வேண்டிய தாள் இதோ பக்கத்தில் இருக்கிறது. 'ஐயா' என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்து மூன்று மணி நேரம் ஆகிறது. உங்களுக்கு எழுதிய ஆறு பக்கமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.